மூணு டிகிரி சாய்வில் வந்த மாப்பிள்ளை

வீட்டில் கல்யாணம் என்றால் சொந்தமாகக் கார் வைத்திருப்பவனுக்குத் தலைகால் புரியாது. எனக்குப் புரியவே இல்லை.

அப்போது வேகத்துக்கென்றே செய்த ஒரு குட்டிக் கார் வாங்கியிருந்தேன். சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் ஒருநாள் ஓட்டுவதற்காக, தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் குமாரிடம் வீல் அலைன்மென்ட்டை மாற்றச் சொன்னேன். முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை மூணு டிகிரி உள்ளே சாய்த்து, அவற்றின் முன்நுனியை லேசாக வெளியே திருப்பிவிட்டான். வளைவில் வண்டி ரோட்டை அப்படியே கவ்வும்.

"டிராக் முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு. ரோட்டு செட்டிங் மாத்தாம ஓட்டுன, டயரோட உள்பக்கம் மட்டும் தேஞ்சு போயிடும்" என்றான்.

போகவில்லை. சக்கரம் சாய்ந்து நின்றால் வண்டி அவ்வளவு கெத்து! டயருக்கு பாலிஷ் போட்டு மூணு மாசம் ஊரைச் சுற்றினேன். (அறிவாளி!)

பிறகு அக்காவின் நிக்காஹ். மாப்பிள்ளையை அழைத்து வருவது எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணின் தம்பி வேலை. என் காரிலேயே அழைத்து வருகிறேன் என்று எங்களைப் பெற்ற அத்தாவிடம் மார்தட்டினேன்.

"பதினோரு மணிக்கு நிக்காஹ் நடத்தி வைக்க ஹஜ்ரத் உட்காந்துடுவாரு. அவருக்கு இன்னொரு நிக்காஹ் இருக்கு. என் மானத்த வாங்கிடாத" என்றார் அத்தா.

தவளக்குப்பத்தில் மாப்பிள்ளை மச்சானை ஏற்றினேன். வெள்ளை ஷெர்வானி, மல்லிகை மாலை, அத்தர் வாசம். கடலூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டியரிங் அதன் இஷ்டத்துக்கு இழுத்தது.

"தம்பி, வண்டி வேற எங்கயோ போவணும்னு அடம் பிடிக்குதே?"

"ரேஸ் செட்டிங் மச்சான், அப்பிடித்தான் இருக்கும்!"

அரியாங்குப்பம் தாண்டவில்லை. டமார்!

இறங்கிப் பார்த்தேன். டயரின் வெளிப்பக்கம் பளபளவென்று மின்னியது. உள்பக்கம் ரப்பரே இல்லை, கம்பி பல்லை இளித்தது. ஸ்டெப்னி? எடை குறையட்டும் என்று டிராக்குக்காகக் கழற்றி வீட்டு மாடியில் வைத்திருந்தேன். மணி பத்தே முக்கால். ரோட்டோரம் நின்று அழுதேவிட்டேன்.

மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாலையைப் பிடித்துக்கொண்டு, மீன் கூடையோடு வந்த லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். "ஏறுடா. உங்கக்கா காத்துக்கிட்டு இருப்பா."

மண்டபத்தில் நுழையும்போது பதினொன்று பத்து. ஹஜ்ரத் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தா என் பக்கம் பாய்வதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"நான்தான் மாமா கிளம்ப லேட் பண்ணிட்டேன்."

அத்தாவின் மூக்கு அதை நம்பவில்லை. ஆனாலும் ஹஜ்ரத் திரும்ப உட்கார்ந்தார், நிக்காஹ் நடந்தது. அந்த மனுஷனைப் பற்றி என் முன்னால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அதற்காக அவர் சும்மா விட்டார் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் என் காரில் ஏறுமுன் மச்சான் குடும்பமே வரிசையாகக் குனிந்து சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்க்கிறது. மூன்று வயசு மருமகள் தரையில் படுத்தே பார்ப்பாள். "கம்பி இல்ல, ஏறலாம்!" என்று அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் அக்கா கதவைத் திறப்பாள்.