கம்பெனி கொடுத்த கடிகாரம்

சாப்பாட்டுத் தட்டை நீட்டிய மனைவியின் கை பாதியில் நின்றது. அவள் பார்வை ஸ்டோர்கீப்பரின் இடது மணிக்கட்டில் இருந்தது.

"என்னங்க அது?"

சட்டைக் கையை இறக்கிவிட மறந்த தன் புத்தியை அவர் நொந்துகொண்டார். "இதுவா? கம்பெனியில குடுத்தாங்க. இருபது வருஷம் வேலை பாத்ததுக்கு."

உண்மையில் அது கடைத்தெரு முனையில் இருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் மூன்று நாளைக்கு முன் அவரே வாங்கியது. ஐம்பது வருஷத்துத் தங்கக் கடிகாரம். நாணயம் போல மெல்லியது. தந்த நிற முகத்தில் இரண்டே முட்கள். அவசரப்படுத்த நொடி முள் கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு. சோப்புப் பெட்டிகளை எண்ணியே காலம் தள்ளிய மனிதருக்கு அதைக் கட்டிய நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. யாரும் கேட்காமலே மணி சொன்னார். ஆனால் காசு கொடுத்து வாங்கியதை வீட்டில் சொன்னால், மணி பார்க்கத்தான் போன் இருக்கிறதே என்பாள்.

மனைவி அதைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நேரில் வந்து மேனேஜருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் மேனேஜர் அறைக்கு ஓடி, விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார். செய்யாத தருமத்துக்குப் பேர் கிடைப்பதை எந்த மேனேஜர் வேண்டாம் என்பார்? சரி என்றார்.

மனைவி வந்தாள். பாக்கிங் பிரிவு முழுக்கக் கேட்கும்படி நன்றி சொன்னாள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வருஷம் உழைத்த யாரையும் கம்பெனி மறக்காது என்று சொல்லித் தொலைத்தார்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இருபது வருஷக்காரர்கள் பதினோரு பேர் அவர் அறை வாசலில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்கள். பாய்லர் ஓட்டுகிறவர் தனக்கு ரோமன் எண் போட்டதுதான் வேண்டும் என்றார்.

மேனேஜர் ஸ்டோர்கீப்பரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "அது வெறும் பித்தளை, தங்க முலாம்னு சொல்லிடுங்க. வீட்லயும் அதையே சொல்லுங்க. ரெண்டு எடத்துல ரெண்டு கதை ஓடக்கூடாது."

பித்தளை என்றதும் பதினோரு பேரும் கலைந்துவிட்டார்கள். வீட்டில் மனைவி கலையவில்லை.

"இது தங்கம்தான்" என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு, தெரியும் என்றாள். அவர் மேலும் சாதிக்கவே, நாளைக்கே மேனேஜரிடம் போய் பில்லைக் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

ஸ்டோர்கீப்பர் அவசரமாகக் குறுக்கிட்டார். மேனேஜர் எதற்கு, கடைத்தெரு வாட்ச் ரிப்பேர்காரரிடமே காட்டிக் கேட்டுவிடலாம் என்றார். அதைக் கேட்டதும் அவள் சுருதி இறங்கியது. முழங்கால் வலிக்கிறது என்றாள். வேறு கடை பார்க்கலாம் என்றாள். பிடி கிடைத்துவிட்டதென்று இவர் விடவில்லை. குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். வீட்டம்மாவோடு வருகிறேன், பித்தளை என்று அடித்துச் சொல்லிவிடுங்கள் என்றார்.

கடையில் ரிப்பேர்காரர் சொன்னபடியே செய்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், "பித்தளைங்க. சந்தேகமே இல்ல" என்றார்.

"பித்தளையா?" மனைவியின் குரல் உடைந்தது. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அந்தக் குரலுக்கு ரிப்பேர்காரர் நிமிர்ந்தார். லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது.

"அடடா, நீங்களாம்மா? போன மாசம் வீட்டுக்காரருக்குத் தெரியாம நீங்க விக்கக் குடுத்த உங்க அப்பா வாட்சுதாம்மா இது. அசல் தங்கம். இந்த சார்தான் அவர் வீட்டம்மாகிட்ட பித்தளைன்னு சொல்லச் சொன்னார்."