செருப்பு வாசலில் இருந்தது

என் சொந்த அண்ணன் வீட்டு இரும்பு கிரில் கதவை ஆள் வைத்து அறுத்தவள் நான். பட்டப்பகலில், எங்கள் ஊர் புந்தோங்கில், பாதித் தெரு வேடிக்கை பார்க்க. (மீதிப் பாதி வேலைக்குப் போயிருந்தது. அவர்களுக்கு மத்தியானமே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது.)

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அண்ணியோ மகளின் பிரசவத்துக்காக ஜொகூர் போயிருந்தார். வீட்டில் தனியாக இருந்த மனிதர் பேச்சையே விட்டுவிட்டார். நான்தான் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். "மனச்சோர்வு. மாத்திரைய ஒழுங்கா போடுங்க, நல்லா சாப்பிடுங்க, நாலு பேரோட இருங்க" என்றார் டாக்டர். என் காதில் விழுந்தது நடுவில் சொன்னது மட்டும்தான்.

அன்றே அண்ணன் அடுப்படியில் புகுந்து சீனி, டின் பால், நெத்திலி சம்பல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன். பதிலுக்குக் கினோவா என்று கப்பலேறி வந்த ஒரு தானியம், அவித்த புரோக்கோலி, உப்பில்லாத மீன். ஞாயிறுதோறும் அளவு கப்பால் அளந்து போட்ட ஏழு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் கிழமை எழுதி ஒட்டியிருப்பேன். தினமும் போனில் விசாரணை வேறு.

"சாப்டீங்களாண்ணே?"

"ம்."

"மனசு எப்படி இருக்கு?"

"ம்."

(இந்த 'ம்'மை முன்னேற்றம் என்று நினைத்த அறிவாளி நான்.)

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆறு முறை அழைத்தும் அந்த 'ம்'கூட வரவில்லை. ஓடினேன். கிரில் பூட்டியிருந்தது. வாசலில் அவர் செருப்பு. பக்கத்தில் மோட்டார் சைக்கிள். உள்ளே போன் அடிக்கும் சத்தம். செருப்பு வாசலில் இருந்தால் ஆள் வீட்டுக்குள் என்றுதானே நம் கணக்கு? நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தேன்.

எதிர்வீட்டு முனியாண்டி அண்ணன் வெல்டிங் வேலை செய்பவர். "வெட்டுங்கண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தீப்பொறி பறந்தது. உள்ளே ஆளில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஏழு டப்பாவும் அப்படியே இருந்தன. ஐந்து நாளாக இந்த மனுஷன் பட்டினி! ஓவென்று அழுதேன்.

"என்னா பாப்பா இது?"

வாசலில் அண்ணன். வெறுங்கால். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"பூட்டு வெளியிலதானே லா தொங்குது?"

முனியாண்டி அண்ணன் கிரைண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார். விரதம், அதனால் செருப்பில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அங்கயும் அளவு கப்பத் தூக்கிட்டு வந்துருவ."

"அப்போ சாப்பாடு?"

"கோயில்லதான். பூசணிக்கா வெட்டுறோம், முருங்கக்கீர ஆயுறோம். எல்லாம் நம்ம ஆளுங்க வீட்டுப் பின்னால விளஞ்சது. இருவது பேரு ஒண்ணா உக்காந்து சாப்புடுறோம். மாத்திரையும் போடுறேன். உன் டப்பாவத் தனியா தொறந்தா அழுக வருது பாப்பா."

பளாரென்று அறைந்தாற்போல் இருந்தது. வாராவாரம் அழுகையை அளந்து, கிழமை ஒட்டி அனுப்பியவள் நான்தான். மறுநாள் அளவு கப் இல்லாமல் கோயிலுக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

முனியாண்டி அண்ணனே கிரில்லை ஒட்டிக் கொடுத்தார். தழும்பு இன்னும் தெரிகிறது. ஜொகூரிலிருந்து திரும்பி வந்த அண்ணி அதற்குப் பெயிண்ட் அடிக்க விடுவதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம். அண்ணன் எங்கே கிளம்பினாலும் இப்போது முதல் போன் எனக்குத்தான்.

"பாப்பா, வெளிய போறேன். செருப்பு வாசல்ல இருக்கு. நான் உசுரோட இருக்கேன். கிரைண்டர எடுத்துராத."

"ம்" என்பேன்.