சீனிக்கார அண்ணன் நடந்த கதை

டொக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டு டொக்டரையே திணறடித்த ஒரே மனிதர், எங்கள் டிக்கோயா ஓட்டோக்காரர் சீனிக்கார அண்ணன்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீனி டப்பா. மலை வளைவில்கூட ஒரு கை அதைத் தடவிப் பார்க்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என்னைத் தினமும் மேலே கொண்டுபோய் விடுபவர் அவர். உயிரோடு இறங்கியதும் எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போடுவேன்.

ஒருநாள் என் பிரஷரைக் காட்டக் கிளினிக்குக்குப் போனபோது அவரையும் பிடித்து உட்கார வைத்தேன். இரத்தம் எடுத்தார்கள், இடுப்பை அளந்தார்கள். டெஸ்ட் முடிவைப் பார்த்த டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இடுப்பு, சீனி, பிரஷர், கொழுப்பு எல்லாமே கொஞ்சங் கொஞ்சமா கூடியிருக்கு. தனித்தனியா பார்த்தா பெரிசா தெரியாது. ஒண்ணு சேர்ந்தா இதயத்தைத்தான் பிடிக்கும். இப்பவே குறைச்சா தப்பிக்கலாம். வீட்டுல யாருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்துச்சா?"

அண்ணன் முகம் சுருங்கியது. அவருடைய அப்பா நாற்பத்து நாலு வயதில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். கிளினிக்கில் உட்கார்ந்திருந்த அன்று அண்ணனுக்கு நாற்பத்திரண்டு. மகள் இன்னும் பள்ளிக்கூடமே சேரவில்லை.

"டீயில சீனி போடாதீங்க. தினம் அரை மணி நேரம் நடங்க" என்றார் டொக்டரம்மா.

அடுத்த கிளினிக்கில் பார்த்தால் எதுவும் இறங்கவில்லை.

"டீயில சீனி போடுறீங்களா?"

"சத்தியமா இல்லீங்க டொக்டர்! என் புள்ள மேல ஆணையா ஒரு துளி போடல."

டொக்டரம்மா சீனி பார்க்கும் மெஷினையே சந்தேகித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கையைக் காட்டுங்கண்ணே" என்றேன்.

உள்ளங்கை பிசுபிசுத்தது. நம் ஆட்கள் வழக்கமாய்ச் செய்வதுபோல, சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டே வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்திருக்கிறார் மனுசன்.

"டீயில போடலையே டீச்சர்!" என்று என்னிடமே நியாயம் கேட்டார். டப்பாவை அங்கேயே பிடுங்கிக்கொண்டேன்.

நடை விஷயம் அதைவிட மோசம். அதுவரை நடையைத் தள்ளிப்போட்டவர், மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஓட்டோவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கையை வீசி வீசி டவுனுக்கு நடந்திருக்கிறார். ஓட்டோ ஸ்டாண்டில் ஒருவர் அரிசி மூட்டையோடு நின்றிருக்கிறார்.

"ஏறுங்கண்ணே, போவோம்!" என்றிருக்கிறார் இவர், பழக்க தோசத்தில்.

"எதுல ஏறச் சொல்ற?"

அப்போதுதான் வண்டி மலை மேல் நிற்பது ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பவும் ஏற்றம். ஸ்டாண்டே கூடிச் சிரித்தது. மனுசனோ ரோசக்காரர். மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "வேணும்னுதான்டா விட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அதன்பிறகு தினமும் அப்படியே இறங்கினார், ஏறினார். சவாரி குறைந்தது. இடுப்பும் குறைந்தது. போகப் போக மற்றவையும் இறங்க, ஒரு கிளினிக் நாளில் டொக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்தவர் தன் இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"எங்கப்பா இடுப்பை யாரும் அளந்து பார்க்கல டீச்சர்" என்றார்.

போன மாதம் அவருக்கு, அவருடைய அப்பா காணாத நாற்பத்தைந்து பிறந்தது. வாயைக் கட்டச் சொல்லி அன்று காலையிலும் நான் சண்டை போட்டேன். தலை நரைத்துப் பல் விழுந்த பிறகும் இந்த மனுசனோடு சண்டை போட வேண்டும் எனக்கு.