கழன்று வராத லேபிள்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நல்ல பசை என்பது ஒட்டுவதில் தெரியுமா, விடுவதில் தெரியுமா? வேதியியல் படித்து, பசைக் கம்பெனி ஆய்வகத்திலேயே தலை நரைத்தும் எனக்கு விடை தெரியவில்லை. இந்த லட்சணத்தில், நிரந்தர வேலையை விட்டுவிட்டு இங்குள்ள பாட்டில் கழுவும் ஆலைக்கு மேலாளராக வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. காரணம் சொல்கிறேன்.

காலி ஜாம் பாட்டில்களைக் குப்பைக்கு அனுப்பாமல், கடைகளிலிருந்து திரும்ப எடுத்து, கழுவி, மறுபடி நிரப்புவது என்று ஜாம்காரர், லேபிள் அடிக்கும் அச்சகத்தார், ஆலை நடத்தும் அம்மாள், எங்கள் கம்பெனி எல்லோரும் கைகோத்தோம். குளிரில் ஒட்டிக்கொண்டு, ஆலையின் வெந்நீரில் மட்டும் கழன்று வரும் பசை வேண்டும் என்றார்கள், உயிர் போனாலும் உரியாத பசை செய்தே பேர் வாங்கியவளிடம். தண்ணீர் எண்பது டிகிரி என்றார் அம்மாள், ஜாம் அடுக்கிவைக்கும் குளிர் அறையில் ஈரமே கிடையாது என்றார் ஜாம்காரர், சாதாரணக் காகிதம்தான் என்றார் அச்சகத்தார். அதை நம்பிக் கொடுத்த முதல் பசை குளிர் அறையிலேயே வழுக்கி, லேபிள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. எதில் எந்தப் பழம் என்று நக்கிப் பார்த்தே ஜாம்காரர் வயிறு கெட்டுப் படுத்தார். சரி என்று இரண்டாவதைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்தேன். குளிரில் நின்றது, ஆனால் கழுவி வந்த பாட்டிலில் லேபிள் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாளைக்குள் சுத்தமான பாட்டில் வராவிட்டால் பழையபடி குப்பைத்தொட்டிதான் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டதால், இன்று ஆலையில் கூடினோம். தொட்டியோரம் எனக்குக் கால் வழுக்கி, முழங்கைவரை தண்ணீருக்குள் போயிற்று. அலற வாயைத் திறந்தேன். அலறுவதற்கு ஒன்றுமில்லை.

“என்னங்க, எண்பதுன்னீங்க? கைக்குழந்தையக் குளிப்பாட்டலாம் போல இருக்கே!”

“எண்பது வைக்கணும்னுதான் ஆசை. கேஸ் விக்கிற விலைல ஆசப்பட்டா ஆச்சா?” என்றார் அம்மாள்.

ஜாம்காரர் சிரித்தார். அம்மாள் விடுவாரா? “நீங்க சிரிக்காதீங்க. உங்க குளிர் ரூம்புல குடை பிடிச்சுல்ல நிக்கணும்!”

“அது லேசான ஈரம். அச்சகத்து அண்ணன் மட்டும் யோக்கியரா? பளபளன்னு இருக்கணும்னு லேபிள் மேல பிளாஸ்டிக் பூசியிருக்காரு. தண்ணி எந்த வழியா உள்ள போகும்?”

அச்சகத்தார் என் பக்கம் திரும்பினார். “எல்லாரையும் கேக்கறீங்களே மேடம், உங்க பசைல என்ன இருக்குன்னு என்னைக்காவது வாயத் தொறந்தீங்களா?”

“அது கம்பெனி ரகசியம்.”

“பாத்தீங்களா!” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். இந்தக் கூட்டணி ஏகமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

நாளை தண்ணீரை நிஜமாகவே காய்ச்சி, பூச்சில்லாத லேபிளோடு இன்னொரு தடவை பார்ப்பார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே ராஜினாமா நினைப்பை விட்டுவிடு. சம்பளம் தவறாத அந்த நாற்காலி உன்னைக் கடைசிவரை தாங்கட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன், இது மறுநாள் எழுதுவது. அடுப்பு மூச்சைப் பிடித்தும் அறுபதைத் தாண்டவில்லை. பூச்சில்லாத லேபிளும் அசையவில்லை. அம்மாள் திரும்பி நின்று முந்தானையால் முகம் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பசையில் இருப்பது பால் புரதம், அது காரத்தில் கரையும், தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்தால் அறுபதே தாராளம் என்று சொல்லிவிட்டேன். கலந்தார்கள். லேபிள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. ஜாம்காரர் கை தட்டினார். சோடாவையும் சூட்டையும் தினமும் யார் பார்ப்பது என்று உடனே சண்டை. எங்கள் நால்வரில் யாரையும் நம்ப முடியாது என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. திங்கட்கிழமை என் தம்பி வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன்.