கம்பளி போர்த்திய மிஷின்

மனிதர்களை விடத் தையல் மிஷினுக்குத்தான் அதிகம் குளிரும் என்று நம்பிய ஒரே ஆள் இந்த உலகத்தில் என் மாமனார்தான். மலையில் அவருக்குப் பெயரே கம்பளிக்காரர். கம்பளி விற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்த ஒரே கம்பளியை மிஷினுக்குப் போர்த்திவிட்டு, மார்கழிப் பனியில் ஒரு துண்டோடு நடுங்கிக்கொண்டே எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதப் போன ரைட்டர் அவர்.

மிஷின் என் மாமியாருடையது. காலால் மிதிக்கிற பழைய மிஷின்; அவருடைய அம்மா கொடுத்தது. என் மனைவி மேரி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மாமியார் தவறிவிட்டார். அந்தக் குடும்பத்தில் மிஷின் பெண் வழியாகத்தான் இறங்கும். ஆகவே எங்கள் கல்யாணத்துக்குச் சீராக என் தலையில் வந்து இறங்கியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் ஓர் ஆபீசில் எனக்கு வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆபீசர் மனது வைத்தால்தான் உண்டு. அதனால் இருக்குமிடம் தெரியாமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் கொள்கை. கம்பளிக்காரருக்கு மாப்பிள்ளையான பிறகு அது நடக்கிற காரியமா?

மிஷின் வந்த அன்று நல்ல சாரல். பஸ் ஸ்டாண்டில் ஆபீசர் பக்கத்தில் பவ்யமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சக்குட்டை பஸ் வந்து நின்றது. கூரை மேலே மிஷின். மிஷின் மேலே கம்பளி. கம்பளி மேலே குடை. குடையைப் பிடித்தபடி, தொப்பலாக நனைந்துபோய் மாமனார்.

"யோவ், லக்கேஜ் தானா வரும், நீ உள்ளே உக்காருன்னா கேக்கறியாய்யா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"அது தனியா வந்து பழக்கமில்லீங்க" என்றார் மாமனார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க மாப்ளே! பாத்துட்டே நிக்கறீங்களே, வந்து ஒரு கை புடிங்க!"

பஸ் ஸ்டாண்டே திரும்பி என்னைப் பார்த்தது. ஆபீசரும் பார்த்தார். வாயில் இருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜீப் பிடித்து வந்துவிடுவார். வாசலிலேயே கேள்வி: "ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்கேனுங்க மாமா."

"உங்களக் கேக்கலீங்க மாப்ளே."

நேராக மிஷினிடம் போவார். காது வைத்துக் கேட்பார், மோந்து பார்ப்பார், எண்ணெய்க்குப்பியை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒருமுறை மேரி அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள். மனிதர் அன்றைக்குச் சோறே உண்ணவில்லை.

வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தபோது நடந்ததை எப்படிச் சொல்ல! ஆபீஸ் குவார்ட்டர்ஸ் முழுக்க எங்கள் வீட்டில்தான் நின்றது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே மிஷின் பக்கம் வந்தார். படக்கென்று மாமனார் குடையை விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார். "சாமி, அதும் மேல மட்டும் வேண்டாங்க. துருப் புடிச்சுக்கும்." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்ளலாம். தினமும் காலையில் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு. நூல் இல்லாமல், துணி இல்லாமல், வெறும் ஓட்டம். மேரிக்குத் தைக்கத் தெரியாது; சின்ன வயசிலிருந்தே அப்பா மிதிக்க வைத்ததால் மிதிக்க மட்டும் தெரியும். கடகடவென்று சத்தம் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் பிரமாதமாகத் தையல் நடக்கிறது என்று ஊரே நம்பியது. "என்ன தைக்கிறீங்க?" என்று கேட்பவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் மனைவியே படியேறி வந்துவிட்டார், கையில் பூப்போட்ட துணியோடு. மகளுக்குப் பாவாடை வேண்டுமாம். என் வேலையே அந்தத் துணியில் தொங்குவது போல எனக்கு வேர்த்தது. மாமனாரோ அசையவில்லை.

"இதுல தைக்கறதில்லீங்கம்மா."

"தினமும் சத்தம் கேக்குதே?"

"சும்மா நடக்க உடறோமுங்க."

பூமி பிளக்காதா என்று பார்த்தேன். அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நூலைக் கோத்துத் தைச்சா என்னங்க ஆயிடும்?" என்றார்.

மாமனார் தலை குனிந்துகொண்டார். அவர் வெட்கப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"கோக்கத் தெரியாதுங்க" என்றார் மெதுவாக. "மேரியோட அம்மா இருந்தவரைக்கும் ஒரு நாளு பக்கத்துல உக்காந்து பாத்ததில்லீங்க. ஊட்டுல நொம்ப சத்தமா இருக்குதுன்னு திட்டிப்போட்டு வெளியே போயிருவேன். இப்ப ஞாயித்துக்கெழம வந்து அந்தச் சத்தம் காதுல உளுந்தாத்தான் எனக்கு அந்த வாரமே ஓடுதுங்க."

அந்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிராயரில் கிடந்த நூற்கண்டை எடுத்துக் கோத்தார். துணியைக் கொடுத்து மிதித்தார். சத்தம் மாறிவிட்டது! கடகடப்பு இல்லை. துணி ஏறியதும் அமுங்கி, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது.

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதானுங்க! இதுதானுங்க அவ சத்தம்! இத்தன வருசமா நான் வேற எதையோ கேட்டுட்டு இருந்திருக்கறேன், பைத்தியக்காரன்!" குலுங்கிக் குலுங்கி அழுதார். "மேரி கண்ணு, நீ தைக்கக் கத்துக்க சாமி."

அன்று சாயங்காலம் பனி இறங்கியபோது மிஷின் மேலிருந்த கம்பளியை எடுத்து மேரி அவர் தோளில் போர்த்தினாள். மறுக்காமல் போர்த்திக்கொண்டு ஜீப் ஏறினார். பின்னால் என் வேலை நிரந்தரமான செய்தியைச் சொன்னபோது, "நல்லதுங்க மாப்ளே. எண்ணெ போட்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து, கம்பளி எங்களிடம் திரும்பி வந்து நாளாகிவிட்டது. நாங்கள் சேலத்துக்கு இறங்கிவிட்டோம். கொளுத்துகிற சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு மிஷின் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. போர்த்துவது நான்தான். போன வாரம் மேரி ஒரு பாவாடை தைத்துக்கொண்டிருந்தபோது வந்திருந்த விருந்தாளிகள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மாமா கேட்டுட்டு இருப்பாரு" என்று என் வாயில் வந்துவிட்டது. எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேரி மட்டும் நிமிரவில்லை. பாவாடை முடிந்த பிறகும் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து மிதித்துக்கொண்டே இருந்தாள்.