ஃபிளெக்ஸில் இல்லாத தாய்மாமன்

பயிற்சி வகுப்புக்கு அனுப்பவே கூடாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். காலையில் சொல்லிக்கொடுத்ததை மத்தியானத்துக்குள் செய்து பார்த்துவிடும் ரகம். நான் அதில் முதல் வரிசை. (பள்ளிக்கூடத்தில் இந்த வேகம் இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன் என்று என் மனைவி விஜயா சொல்வாள். அது பாராட்டு இல்லை.)

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே என் டிராவல்ஸ் ஆபீஸ். கொஞ்சம் உயரமானவர்கள் வந்தால் குனிந்தபடியேதான் பேச வேண்டும். அதனால் எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுவதுபோல் இருக்கும். சொத்து என்று பார்த்தால் ஒரு டெம்போ டிராவலர் வேன், அதை ஓட்டும் என் மச்சினன் முத்து, வாசலில் தாஜ்மகால் படம் போட்ட ஒரு போர்டு. (மதுரையில் இருந்துகொண்டு எதுக்கு தாஜ்மகால் என்று கேட்காதீர்கள். பெயிண்டருக்குக் கோபுரம் வரைய வரவில்லை.)

அந்த வருஷம் வேன் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். வேனுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டு, குட்டிகள் வளர்ந்து தனிக்குடித்தனமும் போய்விட்டன. முத்து, கொச்சிக்கு டேங்கர் லாரி ஓட்டப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தான். விஜயாவுக்கு உடன்பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

"எந்தம்பி ஊரை விட்டுப் போனான்னா பின்னாடியே நானும் பெட்டியைத் தூக்கிருவேன். நீங்களும் நாயுமா வேனுக்கு அடியில படுத்துக்கங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் உள்ளூர் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும், வெளியூர் சுற்றுலா நிறுவனங்களோடு அறிமுகக் கூட்டமும் நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. காலையில் டவுனில் ஒரு ஹோட்டலில் வகுப்பு. மத்தியானம் அழகர்கோவில் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ரிசார்ட்டில் சாப்பாடும் சந்திப்பும். வந்திருந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரு லதா மேடம். அவர் கம்பெனி மாதம் தவறாமல் மதுரைக்கு ஆட்களை அனுப்புவது. இங்கே அந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் நேரில் வந்திருந்தார். அது எனக்குக் கிடைத்தால் வேன் ஓடும், முத்து ஊரில் இருப்பான், விஜயா வீட்டில் இருப்பாள். நாய் மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

வகுப்பு எடுத்தவர் கோட் போட்ட ஓர் இளைஞர். நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டு. "இடத்தை விக்காதீங்க, அனுபவத்தை வில்லுங்க" என்பது ஒன்று. "கெஸ்ட்டை வேடிக்கை பார்க்க விடாதீங்க, கலந்துக்க வைங்க" என்பது இன்னொன்று. இரண்டையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் சேகர் அண்ணன். பல வருஷமாகத் தொழிலில் இருப்பவர், சொந்தமாக பஸ்ஸே வைத்திருக்கிறார். அவர் எதையும் எழுதவில்லை, போண்டா தின்றுகொண்டிருந்தார். பாவம், காலம் மாறுவது தெரியாமல் இருக்கிறாரே என்று பரிதாபப்பட்டேன்.

விருந்தாளிகளை யார் ரிசார்ட்டுக்குக் கூட்டிவருவது என்று அமைப்பாளர் கேட்டார். கேள்வி முடிவதற்குள் என் கை மேலே இருந்தது.

"ரிசார்ட் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"என்ன சார், நம்ம ஏரியா" என்றேன். (அந்த ரிசார்ட்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை.)

"வாசல்ல மேளதாளத்தோட வரவேற்பு வச்சிருக்கோம். தப்பவே தப்பாது" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

இடையில் கிடைத்த நேரத்தில் அனுபவத்தைத் தயார் செய்ய ஓடினேன். வீட்டிலிருந்து விஜயாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளங்களை எடுத்தேன். (அவள் அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) தட்டுக்கு ஒன்றாக ஆப்பிள், ஆரஞ்சு, தேங்காய், மல்லிகைப்பூ, சுங்குடிச் சேலை. வேன் நெற்றியில் 'வருக வருக' பேனர், இரண்டு பக்கமும் செவ்வந்தி மாலை. முத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான்.

"பொண்ணு எந்த ஊரு மச்சான்?" என்றான்.

லதா மேடம் முன் சீட்டில் ஏறினார். தமிழ் நன்றாகப் பேசினார். நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் தனக்கு முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். பின்னால் கொச்சிக்காரர் ஒருவர், அகமதாபாத்திலிருந்து ஒரு கணவன் மனைவி, இன்னும் இரண்டு பேர்.

அழகர்கோவில் ரோட்டில் ஒரு டீக்கடை முக்கைத் தாண்டியதும், இடது பக்கம் வாழைமரம் கட்டின வாசல் தெரிந்தது. ட்ரம்செட்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் வேனைக் கண்டதும் ஒருவன் குச்சியை நீட்டிக் காட்டினான். அவ்வளவுதான், அடி கிளம்பிவிட்டது. சரவெடி வெடித்தது. உள்ளேயிருந்து கூட்டம் எதிர்கொண்டு வந்தது. ஏற்பாடு என்றால் இதுவல்லவா ஏற்பாடு என்று எனக்குப் புல்லரித்தது.

முத்து வண்டியை நிறுத்தாமலே தயங்கினான். "மச்சான், இது விசேச வீடு மாதிரியில்ல இருக்கு. ஃபிளெக்ஸைப் பாருங்க."

பார்த்தேன். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெண் குழந்தை பெரிதாகச் சிரித்தது. அவளைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்களில் மீசை வைத்த தலைகள். "செட்டு போட்டிருக்காங்க மாப்ள. இதுதான் எக்ஸ்பீரியன்ஸ். உனக்கெல்லாம் வகுப்பெடுத்தாத்தான் புரியும்" என்றேன். அந்தக் குழந்தையை ரிசார்ட்டின் அடையாளச் சின்னம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, கலந்துகொள்ள வைக்க வேண்டுமே. விருந்தாளிகளை இறக்கி ஆளுக்கொரு தாம்பாளத்தைக் கையில் கொடுத்தேன். லதா மேடம் கையில் ஆப்பிள் தட்டு. கொச்சிக்காரர் தேங்காய்த் தட்டு. அகமதாபாத்காரர் மனைவியிடம் பூத்தட்டைக் கொடுத்துவிட்டு ட்ரம்முக்கு ஆட ஆரம்பித்தார். நான் கழுத்தில் 'பங்கேற்பாளர்' என்று வகுப்பில் என் டிராவல்ஸ் பெயரோடு அடித்துக் கொடுத்த அட்டை ஆட, ஜமீன்தார் மாதிரி முன்னால் நடந்தேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். அவர்களுக்கு முன்னால் பட்டுச்சேலையில் ஒரு பெண். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசி முகம் வரைக்கும் தேடிவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்குத் தலைக்கு மேலே இருந்த எழுத்து கண்ணில் பட்டது. காதணி விழா.

கையைக் கூப்பி, தெரியாமல் வந்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இன்னும் கிட்டே வந்து, ட்ரம் சத்தத்துக்கு நடுவே மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. எந்தம்பி சீர் வண்டிதான் வந்துருச்சுன்னு சபையே எந்திரிச்சு நிக்குது. இப்படியே திரும்பிப் போயிராதீக. உள்ள வந்து சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்க."

பெயர் செல்வி. குழந்தையின் அம்மா. அவள் தம்பி பாண்டி, திருமங்கலத்துக்காரர், கோபித்துக்கொண்டு வரவில்லை. காரணம் அந்த ஃபிளெக்ஸ். அச்சடித்தவன் மாப்பிள்ளை வீட்டுத் தலைகளை எல்லாம் மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, தாய்மாமன் தலையைக் கீழே மூலையில், தன் போன் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தான். பாண்டி அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்தான், போனையே எடுக்கவில்லையாம். நானும் அப்போது கவனித்தேன், ஃபிளெக்ஸின் மூலையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதன் வழியே வாழைமரம் தெரிந்தது.

தாய்மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்தினால் எங்கள் பக்கம் அதைக் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். செல்வியின் மாமியார் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். "வண்டி வந்துச்சு சரி, மாமன் எங்க?"

நான் லதா மேடத்தைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி வேனில் ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். முத்துவைப் பார்த்தேன். அவன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஓர் அக்காவுக்குத் தம்பி.

"மேடம், அஞ்சு நிமிஷம்" என்றேன். "இது ஒரு அனுபவம்."

மண்டபத்துக்குள் போனோம். தட்டுகளை வரிசையாக வைத்தோம். ஒரு பெரியவர் என்னை நெருங்கி, "நீங்க எந்த வழி?" என்று கேட்டார். சொந்தம் எந்த வழி என்று கேட்கிறார். நான் பதற்றத்தில், "அழகர்கோவில் ரோடு வழியாத்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூரத்துச் சொந்தம் போல என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். செல்வியின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, நீங்களே உட்காருங்கள் என்பதுபோல் பலகையைக் காட்டினார். உட்கார்ந்தேன். குழந்தை யாழினியை என் மடியில் வைத்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், பிடித்தது. எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஆசாரி ஊசியைத் துடைத்தார்.

வாசலில் பைக் ஒன்று சறுக்கிக்கொண்டு நின்றது.

பாண்டி அவ்வளவு நேரமும் அந்த முக்கு டீக்கடையில்தான் இருந்திருக்கிறார். பட்டுச்சட்டை போட்டு, சீரைத் துண்டில் கட்டி டேங்க் மேல் வைத்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து டீயாகக் குடித்திருக்கிறார். ட்ரம் சத்தம் கேட்டதும் டீக்கடைக்காரர், "என்னண்ணே நீங்க இங்க இருக்கீக, அங்க வேற மாமன்ல வந்து இறங்குறாரு" என்றிருக்கிறார். யாரும் கூப்பிடாமலே பைக் கிளம்பிவிட்டது.

"எவன்யா அது, எங்கக்கா மகளை மடியில வச்சிருக்கது?"

கூட்டம் விலகியது. அவர் என் அட்டையைப் பிடித்துப் படித்தார். "பங்கேற்பாளராம்ல. எதுலய்யா பங்கு கேக்குற?"

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவதுதான். நீட்டினேன். (முதல் சந்திப்பிலேயே கார்டு கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.)

செல்வி நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ வரல. அவுக வந்தாக. இப்பத்தான் வந்துட்டேல்ல, உக்காரு."

பாண்டிக்கு முகம் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பலகையில் உட்கார்ந்தார். நான் குழந்தையை மாற்றினேன். யாழினி அட்டையை மட்டும் விடவில்லை. இழுத்தால் அழுதாள். நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி சத்தம் போட, அட்டையைக் கழற்றிப் பாண்டி கழுத்தில் மாட்டினேன். அப்படித்தான் அந்த வீட்டு ஆல்பத்தில், உண்மையான தாய்மாமன் என் டிராவல்ஸ் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்சி தருகிறார். ஊசி இறங்கியதும் குழந்தை அலறியது. லதா மேடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். சாப்பிடாமல் விடுவார்களா? பாண்டியே தூக்குவாளியோடு நின்று கறிக்குழம்பு ஊற்றினார். கறி சாப்பிடாத அகமதாபாத் தம்பதிக்கு ரசமும் தயிரும் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, அம்புட்டுத்தான் சாப்பிடுவீகளா என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டார்.

நாங்கள் ரிசார்ட்டுக்குப் போனபோது மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சேகர் அண்ணன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்கும் முன் லதா மேடம் என்னிடம் நேராகவே சொன்னார்: "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எங்க ஆளுங்க ட்ரெயின் பிடிக்கணும். உங்களை நம்பி ட்ரெயின் பிடிக்க முடியாது. காது வேணா குத்திக்கலாம்." வேலை சேகர் அண்ணனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன வேலை, இழந்த வாய்ப்பு, செல்வி, பாண்டி, எல்லாம். விஜயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தட்டு எங்க?" என்றாள்.

தட்டுகளைப் பாண்டிதான் கொண்டுவந்து கொடுத்தார், வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் அதிரசம் வைத்து. கூடவே ஒரு வேலையும் வைத்தார். ஆல்பத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள், கழுத்தில் இருக்கும் டிராவல்ஸ் யாருடையது என்று கேட்கிறார்களாம். அவர் சித்தப்பா மகனுக்குச் சீர் கொண்டுபோக வண்டி வேண்டும். அதைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து வேறொருவர். இன்றைக்குத் திருமங்கலம் பக்கம் சீர் என்றால் எங்கள் வேன்தான். மாமன் வராவிட்டாலும் வண்டி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. முத்து கொச்சிக்குப் போகவில்லை. சுற்றுலாத் துறையில்தான் நான் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

இப்போதும் பயிற்சி, அறிமுகக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறேன். சட்டையை மாட்டும்போதே விஜயா அடுப்படியிலிருந்து கேட்பாள், "இன்னைக்கு யாரு வீட்டுப் பிள்ளைக்கு?" என் மகள் காலேஜ் சேர்ந்த அன்றைக்கு, அப்பா என்ன தொழில் என்று கேட்டவர்களிடம், "தாய்மாமன், வாடகைக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

போன மாதம் செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்து. அதே மண்டபம். முதல்நாளே பாண்டி போன் செய்துவிட்டார். "அண்ணே, டீக்கடை முக்குல நில்லுங்க. நான் வந்தப்புறம் சேர்ந்து போவோம். எனக்கு முன்னாடி உள்ள போயிராதீக."

சேர்ந்தே போனோம். வாசலில் புது ஃபிளெக்ஸ். உச்சியில், குழந்தையைவிடப் பெரிதாகப் பாண்டி. நான் எங்காவது இருக்கிறேனா என்று சும்மா ஒரு பார்வை பார்த்தேன். இருந்தேன். 'வண்டி மாமா' என்று போட்டு, கீழே மூலையில், அச்சடித்தவன் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. முத்து வேனிலிருந்து தலையை நீட்டினான்.

"என்ன மச்சான், டீக்கடையில போயி உக்காருவமா?"