கத்தி நானாவின் அபிப்பிராயங்கள்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், கத்தியை வெளியில் எடுத்ததும் ஆக்களை ஓட வைத்த மனிதர் என்றால் அது கத்தி நானா ஒருவர்தான். குத்திவிடுவார் என்று யாரும் ஓடவில்லை. அந்தக் கத்தியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார் என்றுதான் ஓடினார்கள்.

அவரும் நானும் ஒரே கந்தோர். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றின் பழைய மாடிக் கட்டடம். நான் மேலே இருந்து கடிதம் எழுதுகிறவன். அவர் கோதுமைக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ வந்தால் இறங்குதுறையில் வெயிலில் நின்று சரக்கு இறக்குவதைப் பார்க்கிறவர். ஊர் கிண்ணியா. பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவார். வாப்பா வைத்த பெயர் அவருடைய சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. மற்றபடி முகாமையாளரில் இருந்து தேத்தண்ணி கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அண்ணன் முறையில் அவர் கத்தி நானாதான்.

மலிவான கத்திகளை மட்டுமே வாங்குவார். விலை கூடியதை வாங்க வசதியில்லாமல் இல்லை, அதில் அவருக்கு மரியாதை இல்லை. "வெல கூடின கத்தி வெட்டத்தான் செய்யும் தம்பி. அதுல நாம அபிப்பிராயம் சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டார். மலிவுக் கத்திக்கு ஒரு குணம் இருக்கும், ஒரு வீம்பு இருக்கும், காலையில் ஒரு மாதிரியும் பின்னேரம் இன்னொரு மாதிரியும் நடக்கும், வாங்கினவன்தான் அதோடு குடித்தனம் நடத்திப் பார்த்து ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

உலகத்துக் கத்திகளை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். மடங்குவது, மடங்காதது. மனிதரையும் அப்படியே பிரித்தார். எங்கள் முகாமையாளர் மடங்காதவர். நான் மடங்குகிறவன், அதிலும் அலகை நிறுத்திப் பிடிக்கும் பூட்டுத் தளர்ந்தவன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

கத்திகள் பல வழிகளில் வந்து சேர்ந்தன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து விற்கிறவரிடம் வாங்குவார். கப்பலில் வந்த மாலுமி ஒருவருக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்து, அவருடைய இடுப்பில் கிடந்த மடக்குக்கத்தியை வாங்கினார். தயிர் புளித்திருந்தது என்றும் கத்தி மொட்டை என்றும் இரண்டு பேரும் பிறகு குறைப்பட்டார்கள். மடங்காத ரகத்தில் அவருடைய செல்லப்பிள்ளை, தோப்பூர்ச் சந்தையில் வாங்கிய ஒன்று. பழைய லொறியின் வில்லுத் தகட்டில் அடித்தது. பார்க்கக் கறுப்பாக, கோபக்காரனைப் போல இருக்கும்.

புதுக் கத்தி வந்தால் எங்கள் மத்தியானச் சாப்பாடு நாசம். சோற்றுப் பார்சலைப் பிரித்திருப்போம். அவர் கயிற்றுத் துண்டு, அட்டைப்பெட்டி, வத்தகப்பழம் என்று வரிசையாக வைத்து வெட்டிக் காட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சொற்பொழிவு நடத்துவார். கடைசிப் பரீட்சை அவருடைய இடது கை. கத்தி அங்கே மயிரை வழிக்க வேண்டும். நானாவின் இடது கையைப் பார்த்தாலே அந்தக் கிழமை புதுக் கத்தி வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு பெருநாள் காலத்தில் இடது கையில் இடம் முடிந்து, வலது காலுக்குப் போய்விட்டார்.

முகாமையாளரின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியிருந்தோம். வெட்டக் கத்தி இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானாவிடம் யாரும் கேட்டுவிடக்கூடாது என்றுதான் பார்த்தோம். ஆனால் யாரும் கேட்காமலே நானா எழும்பி, சிவப்புப் பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தியை இரண்டு கையாலும் நீட்டினார். இதன் பூட்டைப் போல உறுதியான பூட்டை இந்தத் துறைமுகத்தில் எந்தக் களஞ்சியத்திலும் பார்க்க ஏலாது என்று ஒரு சிறு அறிமுகமும் செய்தார். முகாமையாளர் கேக்கில் வைத்து அழுத்தினார். கத்தி கேக்குக்குள்ளேயே மடங்கிக்கொண்டது. மடங்கியது மட்டுமில்லை, பிறகு திறக்கவும் இல்லை. நாங்கள் கேக்கைக் கரண்டியால் தோண்டித் தின்றோம். நானா ஐசிங் பூசிய கத்தியைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூட்டு கொஞ்சம் அவசரம். ஆனா மடங்குறது நல்லா மடங்குது" என்றார். அவருடைய எந்தக் கத்தியும் முழுத் தோல்வி அடைந்ததில்லை.

வீட்டில் கதை வேறு. அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ஒருமுறை நோன்புப் பெருநாளுக்குக் கந்தோரில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம். குசினியில் ராத்தா தேய்ந்துபோன ஒரே ஒரு கத்தியால் மலைபோல வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அலுமாரி நிறையக் கத்தி இருக்க ஏன் இதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று எங்களோடு வந்த சாந்தினி கேட்டாள். ராத்தா தலையை நிமிர்த்தாமல், "அவர்ட கத்திக்கு அபிப்பிராயம் இருக்கு தங்கச்சி, கூர் இல்ல" என்றார். முன்னறையில் இருந்த நானாவுக்கு அது கேட்டது. பெருமையாகச் சிரித்தார்.

சாந்தினி எங்கள் கந்தோரில் கணினியில் வேலை செய்கிறவள். நானாவின் வாழ்க்கையை மாற்றியவள் என்று அவளைத்தான் சொல்ல வேண்டும். இணையக் கடையில் வாங்குகிறவர்கள் தங்கள் சாமானைப் பற்றி அங்கேயே எழுதலாம் என்று ஒருநாள் ஃபோனில் காட்டினாள். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்தெந்த நாட்டு ஆக்களோ மலிவுக் கத்தியைப் பற்றி எழுதிய குறைகளையும் நிறைகளையும் அவள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டார். அன்றைக்குக் கப்பல் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "உலகம் முழுக்க நம்மட ஆக்கள் இருக்கிறாங்க தம்பி" என்று கண்ணாடியைக் கழற்றாமலே என்னிடம் வந்து சொன்னார்.

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒன்று எனக்கு மனப்பாடம். "வாங்கின அன்று தக்காளியை வெட்டியது. அடுத்த நாள் தக்காளியை நசுக்கியது. இப்போது தக்காளியிடம் தோற்றுவிட்டது. ஆனாலும் பார்க்க அழகு. கலியாண வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கலாம்." ஐந்து நட்சத்திரம் எதற்கும் கொடுக்கமாட்டார். ஒரு நட்சத்திரமும் கொடுக்கமாட்டார். ஒன்று கொடுத்தால் செய்தவனுடைய மனம் நோகும் என்பார். போலந்துக்காரர் ஒருவர் இவர் எழுதுவதையெல்லாம் தேடி வாசித்து, கீழே பதில் போடத் தொடங்கினார். இவருடைய தமிழை இயந்திரம் எப்படி மொழிபெயர்த்துக் கொடுத்ததோ தெரியாது. அந்த மனிதருக்கு விளங்கியது. பிடியின் வழுவழுப்பைப் பற்றி இரண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுக்க வாதாடினார்கள்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. நாட்டில் குண்டுகள் வெடித்து, தேவாலயங்களில் சனங்கள் செத்துப் போனார்கள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள் என்பதால் முஸ்லிம் வீடுகள் எங்கும் சோதனை. வாளும் பெரிய கத்தியும் வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். குசினிக் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆக்கள் தடுமாறிய நாட்கள் அவை.

நானா மத்தியானத்தில் கத்தி கொண்டுவருவதை நிறுத்தினார். பேசாமல் சாப்பிட்டார். நாங்கள் அவ்வளவு காலம் ஏங்கிய அமைதி அது. கிடைத்தபோது சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை என் மேசைக்கு வந்து, அந்தப் பக்கம் ஏதும் வேலை இருக்கிறதா என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. கத்தி ஒப்படைக்கும் இடம் என்று எனக்கு விளங்கியது. வேலை இருக்கிறது என்று சொல்லி எழும்பினேன். கையில் ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருந்தார். சாந்தினி மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி அடுக்கியிருந்தார். அவர்கள் கேட்ட மாதிரிப் பெரியது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்குக்கத்திகள்.

"நானா, இது மாம்பழம் வெட்டுற கத்தி. இதையெல்லாம் ஏன் குடுக்கிறீங்கள்?" என்றாள்.

"அது உங்களுக்குத் தெரியும் தங்கச்சி" என்றார் நானா. "வாசல்ல வந்து நிக்கிற ஆளுக்கு ஆர் சொல்றது? வீட்டுல ராத்தா தனிய."

அவள் மூடியை மூடிக் கொடுத்தாள்.

ஒப்படைக்கும் இடத்தில் ஒரு மரநிழலில் மேசை போட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறும் வயது, அமைதியான மனிதர். எங்களை இருக்கச் சொன்னார். நானா தகரத்தைத் திறந்து, முதலில் தோப்பூர்க் கத்தியை எடுத்து வைத்தார். உத்தியோகத்தர் தாளை விரித்துக் கத்தியைக் கையில் எடுத்து, பாரம் பார்த்து, அலகில் பெருவிரலை மெதுவாக ஓட்டினார். கத்தியில் விருப்பம் உள்ளவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. சிங்களத்தில், உண்மையான ஆசையோடு, "இது நல்லா வெட்டுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து, கத்தி நானாவிடம் யாரும் தாங்களாக அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவருடைய அபிப்பிராயத்தைத் தேடி வந்த முதல் ஆள் அந்த மரநிழலில் இருந்தார். நான் அரை மணித்தியாலத்துக்குத் தயாராகி, கதிரையைச் சரிசெய்தேன்.

"இல்ல சேர்," என்றார் நானா. "இது வெட்டாது."

அடுத்ததை எடுத்து வைத்தார். இதுவும் வெட்டாது சேர். அதற்கடுத்தது, பூட்டு உடைந்தது சேர். இது மொட்டை. இது விளையாட்டுச் சாமான். மாலுமியிடம் வாங்கியதையும், போலந்துக்காரரோடு வாதாடியதையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே சொல்லில் தள்ளினார். பிள்ளைகளை ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று பிறத்தியாரிடம் சொல்லும் தகப்பனுடைய முகம் அப்போது அவருக்கு இருந்தது. உத்தியோகத்தர் சிரித்து, வெட்டாத கத்திகளை எதற்கு இவ்வளவு வாங்கினீர்கள் என்றார். "ஒரு விசர் சேர்" என்று நானாவும் சிரித்தார். சின்னக் கத்திகள் தேவையில்லை, அவற்றைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று அந்த மனிதர் இரண்டு தரம் சொன்னார். நானா தகரத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினார்.

திரும்பி வரும்போது கடற்கரையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு வீதியோரத்தில் யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. நானா கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"மத்ததெல்லாம் பரவால்ல தம்பி. தோப்பூர்க் கத்திய நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

கத்தியைப் பற்றி அவர் வாயால் நான் கேட்ட கடைசி அபிப்பிராயம் அதுதான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கொஞ்சக் காலம் போய் ஊர் ஆறியதும், அவரை வாய் திறக்கவைக்க எல்லா வேலையும் பார்த்தோம். சாந்தினி ஒரு படுமோசமான மரக்கறிக் கத்தியை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் பார்க்கும் கத்தி. பழைய நானா என்றால் அதை வைத்துப் பெருநாள் வரைக்கும் கதைத்திருப்பார். அவர் கையால் தொடாமல் பார்த்து, "நல்லம் தங்கச்சி" என்றார். அவள் தன் மேசைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். போலந்துக்காரர் புதிதாக ஒரு கத்தி வாங்கியிருப்பதாகவும் நானாவின் எண்ணம் என்ன என்றும் எழுதியிருந்தார். என்ன பதில் போட என்று அவள் கேட்டதற்கு, சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் போடச் சொன்னார். அவருடைய இடது கை மற்றவர்களுடைய கைகளைப் போல ஆகிவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் இடைக்கிடை கிண்ணியாவுக்குப் போவேன். சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார், எலுமிச்சை மரம் காய்க்காததைப் பற்றிக் கதைப்பார். எல்லாம் மற்றவர்களும் கதைக்கிற கதை. கடைசியாகப் போனபோது விடைபெறும் நேரத்தில், நானா, உங்கள் கத்திப் பிரசங்கம் இல்லாமல் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் கேற் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். "இப்ப எல்லாம் நல்ல கத்திதான் தம்பி" என்றார்.

போன மாரியில் அவர் மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்குக் கந்தோரே போய் நின்றது. முகாமையாளரும் வந்து, மழையில் குடை பிடிக்காமல் நின்றார்.

போன கிழமை வீட்டுக்கு ஒரு கத்தி தேவைப்பட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, நல்ல கத்தி, நம்பி வாங்குங்கள் என்றார். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வாங்காமல் திரும்பிவிட்டேன். பக்கத்தில் ஒருவர் நின்று ஒரு அரை மணித்தியாலம் அதைக் குறை சொல்லியிருந்தால், நம்பி வாங்கியிருப்பேன்.